இடப்பக்கமாகவே வந்தான்

என் தம்பி சைக்கிளில் அடிபட்டுச் செத்தபோது பாளையங்கோட்டையில் மூன்று நாளும் பேச்சாக இருந்தது அவன் அல்ல, மோட்டார். அது என்ன நிறம், விளக்கு பித்தளையா, உடைந்த விளக்குக்கு மாற்று விளக்கு சென்னையிலிருந்து வருமா சீமையிலிருந்தே வரவேண்டுமா என்று விசாரணை. துக்கம் கேட்க வந்தவர்கள் என் வீட்டுப் பாயில் உட்கார்ந்துகொண்டே இதைப் பேசினார்கள். சபையில் முன் வரிசையில் உட்காரும் ஒரு பெரியவர் எனக்கு ஆறுதல் சொல்வதுபோல், "மோட்டாருக்கு ஒண்ணும் பெருசா ஆகலையாம், கேட்டியளா" என்றார். அவரை நான் மன்னித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. மன்னிக்க முயன்றதாகவும் ஞாபகம் இல்லை.

நான் அப்போது பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு உபாத்தியாயினி. கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் புருஷனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டு வேலைக்கு வந்தவள். தாய் தகப்பன் இல்லை. மிஷன் காம்பவுண்டுக்குள் ஓட்டு வீடு ஒன்றில் நானும் தம்பியும் இருந்தோம். அவன் எனக்கு எட்டு வயது இளையவன். ஆற்றுப்பாசன ஊர்களில் இருந்த சின்னச் சின்னப் பள்ளிக்கூடங்களுக்குப் போய், பிள்ளைகள் படிக்கிறார்களா, வாத்தியார் வருகிறாரா என்று பார்த்து எழுதிக் கொடுப்பது அவன் வேலை. நடந்து போனால் ஒரு நாளைக்கு ஒரு பள்ளிக்கூடம். அதற்காகத்தான் தூத்துக்குடிக்குப் போய் ஒரு பழைய சைக்கிளை வாங்கி வந்தான்.

வாங்கிய நாளிலிருந்து அவன்மேல் ஊருக்கு ஒரு வயிற்றெரிச்சல். மணிச் சத்தத்துக்கு மாடு மிரளுகிறது என்று வண்டிக்காரர்கள் திட்டினார்கள். வேட்டி சக்கரத்தில் சிக்காமல் இருக்கக் கணுக்காலில் கயிறு கட்டிக்கொள்வான். அதைப் பார்த்துத் தண்ணீர் எடுக்கப் போகும் பெண்கள் சிரித்தார்கள். நடந்தே ஊழியம் செய்த பழைய ஆட்களைப் பற்றி எங்கள் குருவானவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பண்ணினார். பிரசங்கம் முழுக்க என் தம்பி தலையைக் குனிந்துகொண்டிருந்தான். வெட்கத்தில் இல்லை, சிரிப்பை அடக்க.

ஊரைச் சொல்கிறேனே, நான் மட்டும் என்ன வாழ்ந்தது? நானும்தான் தினம் கத்துவேன்.

"ஏலே, கொஞ்சம் பையப் போயேம்லே. எவனாவது துரத்துதானா ஒன்னைய?"

"யக்கா, பையப் போனா விழுந்துருவேன். அதுக்குப் பேருதான் சைக்கிளு."

இதற்கு எனக்குப் பதில் தெரியாது. பதில் தெரியாத இடத்தில் எனக்குக் கோபம் வரும். அப்போதும் வந்தது, இப்போதும் வருகிறது.

அவன் செத்தது ஸ்ரீவைகுண்டம் ரோட்டில், செய்துங்கநல்லூர் தாண்டி, வாய்க்கால் ரோட்டோடு ஒட்டி ஓடுகிற இடத்தில். காலையில் கிழக்கே போய்க்கொண்டிருந்தான். எதிரே வாழைத்தார் ஏற்றிய நாலு வண்டிகள் வரிசையாக வந்தன. வண்டிகளுக்குப் பின்னால் மோட்டார். ஆற்றங்கரையில் பாதி வயலும் தோப்பும் தனக்கென்று வைத்திருந்த ஒரு மிராசுதாருடையது அது. வண்டிகளைத் தாண்டிப் போக மோட்டார் ரோட்டின் மறுபக்கத்துக்கு ஏறி வந்து அவனை அடித்தது. இதை நான் இப்போது இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன். அன்றைக்கு யாரும் இப்படிச் சொல்லவில்லை. பார்த்தவர்கள் அந்த நாலு வண்டிக்காரர்கள்தான். வாழைத்தார் மிராசுதாருடையது, வண்டியும் அவருடையது, ஆகவே சாட்சியும் அவருடையதாகிவிட்டது. "மின்னல் மாதிரி வந்து விழுந்தாரு, நாங்க என்ன செய்ய" என்று நாலு பேரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். அந்த வண்டி ஒன்றில்தான், தார்களை இறக்கிவிட்டு, அவனைக் கொண்டுவந்து போட்டார்கள்.

அன்று மத்தியானமே ஏட்டு வந்தார். அவர் கேட்ட கேள்வி இன்றைக்கும் எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது.

"தம்பி எப்பவும் வெரசாத்தான் போவாரோ?"

பாயில் அவன் கிடக்கிறான். வாழை இலைச் சருகு அவன் தலைமுடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு யார்மேல் கோபம் என்று எனக்கே தெரியாது. கிடக்கிறவன்மேல்தான் வந்தது.

"வெரசாவா? பறப்பான். ஆயிரம் தடவ சொன்னேன், கேட்டானா? கேட்டிருந்தா இப்படிக் கெடப்பானா?" என்றேன்.

ஏட்டு ரொம்பப் பதவிசாகத் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். விரல் வைக்கத் தேவையில்லை, எனக்குக் கையெழுத்துத் தெரியும். போட்டேன். அதிவேகமாகச் சைக்கிள் விட்டதால் சம்பவித்த மரணம் என்று முடித்தார்கள். சொந்த அக்காளே சொல்லியிருக்கிறாளே, அப்புறம் என்ன? அந்தக் கையெழுத்தைப் போட்ட கையால்தான் பின்னால் பதினைந்து வருஷம் பிள்ளைகளுக்கு அழகாக எழுதச் சொல்லிக்கொடுத்தேன்.

அடக்கம் மறுநாள் மாலைதான். காலையில் நான் ஒருத்தியாக வண்டி பிடித்து அந்த இடத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ரோட்டு நடுவில் வண்டித்தடம் ஆழமாகக் கிடந்தது. அவன் போன பக்கத்தில், ரோட்டின் இடது ஓரத்தில், புல்லை ஒட்டிப் புழுதியில் சைக்கிள் தடம் இருந்தது. ஒற்றைக் கோடு. நாட்டுவண்டி அவ்வளவு ஓரத்தில் வராததால் அழியாமல் கிடந்தது. அந்தக் கோட்டில் ஒரு வளைவு இல்லை, ஆட்டம் இல்லை. நான் அதன் கூடவே நடந்தேன். முப்பது நாற்பது அடி நடந்தபின், அகலமான மோட்டார் தடம் ரோட்டை முழுக்கக் குறுக்கே அறுத்துக்கொண்டு, அவன் தடத்தின்மேலேயே ஏறியிருந்தது. அதற்கு அப்பால் கோடு இல்லை.

நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே கிடை ஆடுகள் வந்தன. ஒன்றிரண்டு இல்லை, ரோடு கொள்ளாத ஆடு. "ஏய், நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கத்தினேன். கோனார் என்னைப் பைத்தியம் என்று நினைத்தாரோ என்னவோ, ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார். ஆடு நிற்குமா? என் காலைச் சுற்றிக்கொண்டு போயிற்று. புழுதி அடங்கியபோது ரோட்டில் குளம்படி தவிர ஒன்றும் இல்லை.

நேரே ஏட்டிடம் போனேன். நான் சொன்னது தப்பு, அவன் இடப்பக்கமாகத்தான் வந்திருக்கிறான், தடம் பார்த்தேன் என்றேன்.

"தடம் எங்கன இருக்கு?"

"ஆடு மிதிச்சுட்டு."

"காயிதம் மேல போயிட்டே டீச்சரம்மா" என்றார். "நேத்து ஒரு பேச்சு, இன்னைக்கு ஒரு பேச்சுன்னா யாரு ஒத்துக்கிடுவா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வாரமே மிராசுதார் மோட்டாரைத் திருச்செந்தூருக்கு ஓட்டிப் போய்த் திருஷ்டி கழித்து, மாலை போட்டு, சூறைத் தேங்காய் உடைத்துக் கொண்டுவந்தார். வழியெல்லாம் ஜனம் நின்று பார்த்ததாம். மோட்டாருக்கு வந்த கண்டம் கழிந்ததாம். செத்தவனுக்குக் கண்டம் கழியவில்லையே என்று கேட்க அங்கே ஆள் இல்லை. நான் கேட்டேன். சபை வாசலில் நின்றவர்களில் நாலு பேர் என்னை விட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள்.

எனக்கு அப்போது ஒரே ஒரு எண்ணம்தான். நான் சொல்லிக் கெடுத்ததை நானே திருத்த வேண்டும். காகிதத்தில் முடியாது. தடம் போய்விட்டது. தடம் இருந்த அதே இடத்தில் ஒரு கல் நட்டு, அவன் இடப்பக்கமாகவே வந்தான் என்று அதில் வெட்டிவைக்க வேண்டும். கல்லை ஆடு மிதித்து அழிக்காது அல்லவா?

குருவானவர் ஒத்துக்கொள்ளவில்லை. "கல்லறைத் தோட்டத்துல கல்லு வைக்கப் போறோமே அம்மா. செத்த எடத்துல கல்லு நடுறது அஞ்ஞானிகள் வழக்கம். நாளைக்கு அதுக்கு எண்ணெய் ஊத்துவாவ, சேவல் அறுப்பாவ" என்றார். கல்லறையில் என்ன எழுதலாம் என்று ஒரு வசனமும் எடுத்து வைத்திருந்தார். வசனம் நல்ல வசனம்தான். அதில் இடப்பக்கம் இல்லை.

செய்துங்கநல்லூர் ஆட்களோ வேறு விதமாக மறுத்தார்கள். அகாலத்தில் போனவன், கல் நட்டால் அங்கேயே தங்கிவிடுவான், ராத்திரி வண்டி குடை சாயும் என்றார்கள். பகலில் மோட்டார் வந்து ஆளை அடிப்பதில் அவர்களுக்குப் பயம் இல்லை. செத்தவன் சைக்கிளில் வருவான் என்பதில்தான் பயம்.

கடைசியில் ரோட்டு மேஸ்திரியிடம் போனேன். ரோட்டோரம் அவர் அதிகாரத்தில் இருந்தது. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "கண்ட கல்லையும் நட விடமாட்டேன். ரோட்டோரத்துல நிக்கதுக்குப் பாத்தியதை ரெண்டே கல்லுக்குத்தான். ஒண்ணு மைல்கல்லு, இன்னொண்ணு சுமைதாங்கி" என்றார்.

"அப்போ சுமைதாங்கி நடுதேன்" என்றேன்.

அவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, "நடுங்க, நடுங்க, தாராளமா நடுங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை அன்றைக்கே நான் கவனித்திருக்க வேண்டும்.

கல்தச்சரும் தயங்கினார். அம்மி உரல் கொத்துகிறவர், கல்லறைக் கல்லும் செய்வார். "டீச்சரம்மா, சுமைதாங்கிங்கது வேற காரியத்துக்கு நடுத கல்லு. ஆம்பிளைக்கு..." என்று ஆரம்பித்தார். இவரும் பேயைப் பற்றித்தான் பேசப் போகிறார் என்று நினைத்து, "உமக்குக் கல்லு கொத்தத் தெரியும்லா? அதைச் செய்யும்" என்று வாயை அடைத்தேன். அவர் உளியை எடுத்தார். ஆள் நிமிர்ந்து நின்றால் தோளுயரத்துக்கு இரண்டு கல்தூண், மேலே குறுக்காக ஒரு பலகைக் கல். அந்தப் பலகையின் முகப்பில் அவன் பெயர், வயது, கீழே நான் எழுதிக் கொடுத்த இரண்டே வார்த்தை. இடப்பக்கமாகவே வந்தான். வெயிலில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தேன்.

நட்டு ஒரு வாரம் ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததும் எல்லா உபாத்தியாயினிகளும் ஒன்றாக நிற்போம். அதில் ஒருத்தி, என்னோடு சேர்ந்து படித்தவள், முகத்தை அப்பாவிபோல வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏளா, ஒந்தம்பிக்கு அப்போ எத்தனாவது மாசம்?"

சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று தெரிந்ததும் இன்னும் சிரித்தார்கள். பிறகு குருவானவர் சம்சாரம்தான் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். பிள்ளை பெறாமல் வயிற்றோடு செத்த பெண்ணுக்குத்தான் சுமைதாங்கி நடுவார்கள். அவள் இறக்கிவைக்க முடியாமல் போன சுமைக்காக, வழிப்போக்கர் சுமையை இறக்கிவைக்க ஒரு கல். நாடு முழுக்க எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. காம்பவுண்டுக்குள் பிறந்து காம்பவுண்டுக்குள் வளர்ந்து, சுமைதாங்கி என்றால் யாரோ புண்ணியவான் செய்த தருமம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். கல்தச்சர் இதைத்தான் சொல்ல வந்தார். நான்தான் சொல்லவிடவில்லை.

அதற்குப்பின் நான் ரோட்டில் போனால் சிரிப்பு, கிணற்றடியில் சிரிப்பு, கோயிலில் ஜெபத்தின்போது பின்னால் ஒரு கனைப்பு. தலைப்பிரசவமா, வளைகாப்பு எப்போது என்று வண்டிக்காரர்கள் கேட்டுக்கொண்டே போவார்கள். உயிரோடு இருந்தபோது அவன் வேட்டிக் கயிற்றைப் பார்த்துச் சிரித்த அதே சனம். மிராசுதாரின் காரியஸ்தர் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கே வந்து, "கல்லு இருக்கட்டும்மா, அந்தக் கடைசி வரியை மட்டும் கொத்தி எடுத்துருங்களேன். எசமானுக்கு மனக்கஷ்டமா இருக்கு" என்றார். அந்த வரிக்காகத்தான் கல்லே என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். பத்து நாளில் பலகைக் கல் வாய்க்காலுக்குள் கிடந்தது. மாடு உரசியிருக்கும் என்றார்கள். மறுபடி தூக்கிவைத்து ஈயம் காய்ச்சி ஊற்றச் சொன்னேன். கல்தச்சர் ஊற்றினார்.

கல் நின்றது. ஆனால் அதில் யாரும் சுமை வைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை நாள் முழுக்கப் பூவரசு நிழலில் உட்கார்ந்து பார்த்தேன். கருவாட்டுக் கூடைக்காரிகள், கருப்பட்டிச் சிப்பம் சுமப்பவர்கள், புல்லுக்கட்டுக்காரர்கள், எல்லோரும் கழுத்து ஒடிய வந்தார்கள். கல்லைப் பார்த்ததும் ரோட்டின் அந்தப் பக்கம் ஒதுங்கிப் போனார்கள். ஒருத்திகூட நின்று, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாசித்துக் காட்டியிருப்பேன். அதற்காகவே உட்கார்ந்திருந்தேன்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே சிரிக்கத் தொடங்கியபின் என்னை வேறு ஊருக்கு மாற்றினார்கள். எனக்கு நல்லது என்று சொன்னார்கள். தேரிக்காட்டுப் பக்கம், மண் சிவந்து கிடக்கும் ஊர். அங்கே ஆறு வருஷம். தம்பி என்று ஒருவன் இருந்ததாக அங்கே யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கல்லை நினைக்கும்போதெல்லாம், இந்நேரம் விழுந்திருக்கும், நல்லதுதான் என்று சொல்லிக்கொள்வேன். உள்ளுக்குள் அது நிற்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

சீமைச் சண்டை ஓய்ந்து, விஷக்காய்ச்சலும் ஓய்ந்தபின், பாளையங்கோட்டைக்கே திரும்பிவரச் சொல்லிக் காகிதம் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் வண்டி பிடித்தேன். வாய்க்கால் ஒட்டும் இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.

கல் நின்றது. நான் விட்டுப்போன கல் மாதிரியே இல்லை. மேல்பலகை கூடை உரசி உரசி வழவழவென்று மின்னியது. தூணில் எண்ணெய் வழிந்து கறுத்திருந்தது. பலகை முகப்பு முழுக்க மஞ்சளும் குங்குமமும் திட்டுத்திட்டாக அப்பியிருந்தன. தூணைச் சுற்றிக் கயிறு கட்டிக் கண்ணாடி வளையல்கள் கோத்திருந்தார்கள், பச்சையும் சிவப்பும். பலகைமேல் ஒரு கருப்பட்டிக் கூடை இருந்தது. கூடைக்காரி தூணில் சாய்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும்.

நான் கொண்டை ஊசியை உருவி, எழுத்து இருந்த இடத்தில் மஞ்சளைச் சுரண்டினேன். கல்லைப்போல இறுகிக் கிடந்தது.

"ஏ அம்மா, என்ன செய்யுதிய? அதைச் சுரண்டாதிய. குத்தம்."

"இது யாருக்கு நட்ட கல்லு, தெரியுமா?"

"தெரியாமலா? ஒரு நெறமாசக்காரி. தலச்சன் பிள்ளை. இந்த எடத்துலதான் மோட்டாரு அடிச்சுட்டு. ரெண்டு உசிரும் போச்சு. பிள்ளைத்தாச்சியெல்லாம் வந்து வளவி போட்டுட்டுப் போறாளுவ. சொகமா பெத்துப் பொழைக்காளுவ."

என் ஊசி நின்றுவிட்டது. ஊர் ஆறு வருஷமாகச் சும்மா இருக்கவில்லை. சிரித்துச் சிரித்து, சிரித்தது மறந்துபோய், என் தம்பியை ஒரு பெண்ணாக்கி, பிள்ளையும் கொடுத்து, கும்பிட்டுக்கொண்டிருந்தது. சரி, தொலையட்டும், மோட்டார் அடித்தது என்பதாவது மிஞ்சியதே என்று நினைத்தேன்.

"பாவம்" என்றேன்.

"என்ன பாவம்? நெறமாசத்துல நடுரோட்டுல என்னம்மா ஓட்டம் வேண்டிக்கெடக்கு? பறந்துக்கிட்டுப் போனாளாம். மோட்டாருகாரன் என்ன செய்வான்? தப்பு அவ மேலதான்."

எனக்கு அப்படியே உச்சந்தலை வரைக்கும் கொதித்தது. இல்லாத ஒருத்தியை இவர்களே உண்டாக்கி, அவளையும் விரட்டிக் கொண்டுவந்து அதே மோட்டாரின் அடியில் தள்ளி, தப்பையும் அவள் தலையிலேயே கட்டியிருக்கிறார்கள். பறந்தாளாம். அந்த வார்த்தை யாருடையது? ஏட்டிடம் நான் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வார்த்தை. மற்றதெல்லாம் மாறியிருக்கிறது, அது மட்டும் அப்படியே இருக்கிறது.

அது ஆம்பிளை, அது என் தம்பி, சைக்கிள்காரன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அந்தக் கூடை மறுநாள் அந்தக் கல்லில் ஏறாது. வளையலை அறுத்துப்போடுவார்கள். கல் மறுபடி வாய்க்காலுக்குப் போகும்.

"அவ பறக்கல. இடப்பக்கமாத்தான் வந்தா. புல்லை ஒட்டி, ஓரமா வந்தா. மோட்டாருதான் இந்தப் பக்கம் ஏறி வந்துச்சு. நான் தடத்தைப் பார்த்தேன்" என்றேன்.

குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. கூடைக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க அவளுக்கு யாரு?"

"அக்கா."

அவள் முகம் கொஞ்சம் இளகியது. சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு குனிந்தாள். நான் கூடையைப் பிடித்து அவள் தலையில் தூக்கிவிட்டேன். நல்ல கனம்.

"அக்காக்காரி பின்ன எப்படிச் சொல்லுவா?" என்றாள்.

சொல்லிவிட்டு ரோட்டில் இறங்கி, நட்டநடுவில், கையை வீசிக்கொண்டு நடந்தாள்.

"ஏளா, இடப்பக்கமாப் போ! ஓரமாப் போ!" என்று கத்தினேன். அவள் திரும்பியே பார்க்கவில்லை.